மாதம் ஒருமுறை தெருவைப் பெருக்குகிறோம். மூன்றாம் நாளே குப்பை திரும்பிவிடுகிறது. எங்கே தவறுகிறோம்?

தெருக்கோடி வீடு (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். எங்கள் குடியிருப்பில் ஏறத்தாழ 120 வீடுகள் இருக்கின்றன. கடந்த ஏழு மாதங்களாக, மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை காலையில் நாங்கள் சிலர் ஒன்றுகூடி, தெருவையும் தெருமுனையில் இருக்கும் காலி மனையின் ஓரத்தையும் பெருக்கி, சேர்ந்த குப்பையைப் பைகளில் கட்டி அப்புறப்படுத்தி வருகிறோம். அன்று மாலை அந்த வழியே நடக்கும்போது மனத்துக்கு நிறைவாகத்தான் இருக்கும். செவ்வாய்க்கிழமைக்குள் காலி மனையின் ஓரத்தில் இரண்டு பைகள் வந்துவிடும். அவற்றை நாய்கள் கிழித்துப் பரப்பும். அடுத்த ஞாயிறு வருவதற்குள் குவியல் பழைய உயரத்தை எட்டிவிடும். ‘இங்கே குப்பை கொட்டாதீர்கள்’ என்று பலகை வைத்தோம். இப்போது குவியல் அந்தப் பலகையின் காலடியிலிருந்தே தொடங்குகிறது.

முதல் மாதம் 24 பேர் வந்தார்கள். சென்ற மாதம் 6 பேர்தான் வந்தார்கள். வராதவர்களை நான் குறை சொல்ல மாட்டேன், ஏனென்றால் ‘குவியல் திரும்பி வந்துவிடுகிறதே, எதற்குப் பெருக்க வேண்டும்?’ என்று அவர்கள் கேட்கும் கேள்விக்கு என்னிடம் விடை இல்லை. அந்த இடத்தில் பெரிய குப்பைத்தொட்டி ஒன்றை வைக்கச் சொல்லி உள்ளாட்சி அலுவலகத்தில் மனுக் கொடுக்கலாமா, கேமரா பொருத்தி அபராதம் விதிக்கச் சொல்லலாமா, அல்லது இன்னும் பெரிய கூட்டம் சேர்த்து அடிக்கடி பெருக்க வேண்டுமா என்பதில் எங்களுக்குள்ளேயே ஒருமித்த கருத்து இல்லை. பட்டறிவு உள்ளவர்கள் வழி சொல்லுமாறு வேண்டுகிறேன்.

பழைய மேற்பார்வையாளர்:

வணக்கம் ஐயா. துப்புரவுப் பணியை மேற்பார்வையிடும் வேலையில் இருபது ஆண்டுகளுக்கு மேல் இருந்து ஓய்வுபெற்றவன் என்ற முறையில் எழுதுகிறேன். தங்கள் பதிவில் நான் தேடிய ஒரு செய்தி இல்லை: அந்தக் குவியலில் என்ன இருக்கிறது? தெருவில் கிடப்பதை எல்லாம் நாம் குப்பை என்ற ஒரே சொல்லால் குறித்துவிடுகிறோம். ஆனால் நடந்துபோகிறவர் கையிலிருந்து விழும் உறையும் சிகரெட் துண்டும் ஒரு வகை, வீட்டிலிருந்து கட்டி எடுத்துவந்து வைக்கப்படும் பை வேறொரு வகை. இரண்டையும் போடுகிறவர்கள் வேறு, போடும் நேரம் வேறு, மருந்தும் வேறு. தாங்கள் சொல்வதைப் பார்த்தால் தங்கள் சிக்கல் பை.

ஒருவர் பையின் வாயைக் கட்டி, கையில் தூக்கிக்கொண்டு, தெருமுனை வரை நடந்து வருகிறார் என்றால் அவரைச் சோம்பேறி என்று சொல்ல முடியாது. தம் வீட்டு வாசலில் அந்தப் பையை வாங்கிக்கொள்ள வேண்டிய வண்டி தாம் வீட்டில் இருக்கும் நேரத்தில் வருவதில்லை என்பதுதான் பெரும்பாலும் அவருடைய குறையாக இருக்கும். நான் பொறுப்பில் இருந்த ஒரு பகுதியில், திருந்தாத தெரு என்று பெயர் வாங்கியிருந்த ஒன்றில் ஒரு வாரம் நின்று பார்த்தோம். பைகளில் பெரும்பகுதி அதிகாலையில், வண்டி வருவதற்கு முன்பே வேலைக்குப் புறப்படுகிறவர்கள் கையிலிருந்து வந்தது. வண்டியின் சுற்றுப்பாதையைத் திருப்பி, அந்தத் தெருவை முதலில் வருமாறு மாற்றினோம். ஒரு ரூபாய் செலவில்லை. குவியல் முழுவதும் மறைந்துவிடவில்லை என்றாலும், ஒரே ஆள் தள்ளுவண்டியில் அள்ளிவிடும் அளவுக்குச் சுருங்கிவிட்டது.

எனவே முதலில் ஒரு வாரம் பெருக்காமல் கவனியுங்கள். காலை 5 மணி முதல் 8 மணி வரை, பிறகு இரவு 8 மணி முதல் 11 மணி வரை, யாராவது ஒருவர் தம் வீட்டு வாசலிலிருந்தே பார்த்து எண்ணிக் குறித்தால் போதும். யார் என்று எழுத வேண்டாம். எத்தனை பை, எந்த நேரம், எந்தத் திசையிலிருந்து என்பது மட்டும் போதும். பெயர் எழுதத் தொடங்கினால் அது சண்டையில்தான் முடியும்.

யாருமே வீசாத குப்பை என்றும் ஒன்று இருக்கிறது என்பதை மறக்க வேண்டாம். மூடியில்லாத தொட்டியிலிருந்து காற்று எடுத்துப்போவது, போர்வை போடாமல் போகும் லாரியிலிருந்து சிந்துவது, கட்டட வேலை நடக்கும் இடத்திலிருந்து பறந்து வருவது ஆகியவற்றுக்கெல்லாம் பொதுமக்களுக்கு அறிவுரை சொல்லிப் பயனில்லை.

தொட்டியைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். நிரம்பும் வேகத்தில் காலி செய்யப்படாத தொட்டியைவிடத் தொட்டி இல்லாமல் இருப்பதே மேல். வழிகின்ற தொட்டியின் அருகில் பை வைப்பவர், தாம் முறையாகத்தான் நடந்துகொண்டதாக நினைத்துக்கொள்கிறார். எத்தனை நாளுக்கு ஒருமுறை எடுப்பார்கள் என்பதை எழுத்தில் வாங்காமல் தொட்டி கேட்காதீர்கள்.

எறும்புச்சாரி:

மேலே ஐயா சொன்னதை அப்படியே ஏற்கிறேன். அந்தப் பலகையைப் பற்றியும் மாதாந்திரப் பெருக்கலைப் பற்றியும் ஆய்வு வழியாகத் தெரிந்தவற்றைச் சேர்க்க விரும்புகிறேன்.

அமெரிக்க உளவியலாளர் ராபர்ட் சியால்தினியும் அவருடைய சக ஆய்வாளர்களும் 1990-இல் வெளியிட்ட ஆய்வில், வாகன நிறுத்துமிடம் ஒன்றில் கார்களின் முன்கண்ணாடியில் துண்டறிக்கைகளைச் செருகிவைத்து, உரிமையாளர்கள் அவற்றை என்ன செய்கிறார்கள் என்று மறைந்திருந்து பார்த்தார்கள். தரை ஏற்கெனவே குப்பையாக இருந்தபோது 32 விழுக்காட்டினர் துண்டறிக்கையைக் கீழே போட்டார்கள். தரை தூய்மையாக இருந்தபோது 14 விழுக்காட்டினர்தான் போட்டார்கள். இன்னொரு சோதனையில் தரையில் கிடக்கும் தாள்களின் எண்ணிக்கையை ஒன்று, இரண்டு, நான்கு என்று கூட்டிக்கொண்டே போனார்கள். நான்கு வரை பெரிய மாற்றமில்லை. எட்டு ஆனதும் கீழே போடுகிறவர்கள் ஏறத்தாழ இரண்டு மடங்காகிவிட்டார்கள். அதாவது ஓர் இடம் ஏதோ ஓர் எல்லையைத் தாண்டியதும், ‘இங்கே போடலாம்’ என்று அந்த இடமே சொல்லத் தொடங்கிவிடுகிறது.

பலகைக்கு நேராகப் பொருந்துவது நெதர்லாந்தின் குரோனிங்கன் நகரில் ஆய்வாளர் கைசரும் அவர் குழுவினரும் நடத்தி 2008-இல் வெளியிட்ட சோதனை. சைக்கிள் நிறுத்துமிடச் சுவரில் ‘கிறுக்காதீர்கள்’ என்ற அறிவிப்பு இருந்தது. சுவர் தூய்மையாக இருந்த நாளில், சைக்கிளின் கைப்பிடியில் கட்டிவைத்த துண்டறிக்கையைத் தரையில் போட்டவர்கள் 33 விழுக்காட்டினர். அதே அறிவிப்பு இருக்க, சுவரில் கிறுக்கியிருந்த நாளில் 69 விழுக்காட்டினர். மீறப்பட்ட தடையைக் கண்ணால் பார்த்தவர்கள், அதற்குத் தொடர்பே இல்லாத வேறொரு விதியையும் மீறினார்கள் என்பதுதான் இதில் வியப்பு. குவியலுக்கு நடுவில் நிற்கும் உங்கள் பலகை, ‘இங்கே சொன்னால் யாரும் கேட்பதில்லை’ என்று வருகிறவர்களுக்கெல்லாம் அறிவித்துக்கொண்டிருக்கிறது. இன்றைக்கே எடுத்துவிடுங்கள்.

இப்போது உங்கள் ஏழு மாத உழைப்பைக் கணக்கிட்டுப் பாருங்கள். இருபது பேர் ஒரே நாளில் இரண்டு மணி நேரம் பெருக்கினால், தெரு ஓரிரு நாள் தூய்மையாகவும் மீதி நாளெல்லாம் குப்பையாகவும் இருக்கிறது. பார்க்கிறவர்கள் கற்றுக்கொள்வது அந்த மீதி நாள்களிலிருந்துதான். அதே இருபது பேர் ஆளுக்கு ஒரு நாள் வீதம், காலையில் பத்தே நிமிடம், முதல் இரண்டு பைகளை மட்டும் எடுத்துவிட்டால், எட்டாவது தாள் விழும் கட்டம் வராது. கூட்டமும் படமும் இல்லாத வேலை இது என்பதால் யாருக்கும் இதில் பெருமை கிடைக்காது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் உங்களிடம் இப்போது இருக்கும் ஆறு பேரைக் கொண்டே இதைத் தொடங்கலாம்.

எடுக்கும்போது இடுக்கியும் தடித்த கையுறையும் கட்டாயம் வைத்திருங்கள். பைக்குள் உடைந்த கண்ணாடியோ ஊசியோ இருக்கக்கூடும். பையை அமுக்கிப் பார்க்காதீர்கள்.

நேர்ப்பேச்சு:

மன்னிக்கவும், இவ்வளவு பொறுமையுடன் பேசுவதில் எனக்கு உடன்பாடில்லை. தம் வீட்டுக் குப்பையைப் பொது இடத்தில் வைத்துவிட்டுப் போகிறவருக்காக மற்றவர்கள் முறை வைத்துக் குனிந்து எடுக்க வேண்டும் என்பது, தவறு செய்கிறவருக்குப் பணிவிடை செய்வதாகாதா? சிங்கப்பூர் 1968-இல் தூய்மை இயக்கத்தைத் தொடங்கியபோது அறிவுரையோடு நிறுத்திக்கொள்ளவில்லை. அபராதத்தையும் சேர்த்தே கொண்டுவந்தது. பயம் இல்லாத இடத்தில் பழக்கம் மாறாது என்பது என் கருத்து.

பழைய மேற்பார்வையாளர்:

நண்பரின் கோபம் எனக்குப் புரிகிறது. அபராதமே கூடாது என்று நான் சொல்லவில்லை. ஆனால் நான் கண்டவரையில், தொகையைக் கூட்டுவதால் பயம் கூடுவதில்லை. பிடிபடுவோம் என்ற உறுதி இருந்தால்தான் கூடுகிறது. ஆண்டுக்கு இருவரைப் பிடித்துப் பெருந்தொகை வாங்குவதைவிட, வாரந்தோறும் பலரைப் பிடித்துச் சிறு தொகை வாங்குவது நன்றாக வேலை செய்தது. அதைத் தொடர்ந்து செய்ய ஆள் வேண்டும். அந்த ஆளை உள்ளாட்சி அமைப்பு ஒரு தெருவுக்கென்று ஒதுக்காது. கேமராவும் அப்படித்தான். பார்க்க ஆளில்லாத கேமரா பதினைந்தே நாளில் வெறும் பொம்மையாகிவிடும்; ஆள் இருந்தால் குவியல் அடுத்த தெருவுக்கு நகரும். நண்பர் சொன்ன சிங்கப்பூரையே எடுத்துக்கொள்வோம். அங்கே அபராதம் தனியாக நிற்கவில்லை; நாள்தோறும் குப்பை எடுக்கும் ஏற்பாடும் கூடவே இருந்தது. குப்பையைக் கொடுக்க முறையான வழி இருந்தும் கொடுக்காதவரிடம்தான் அபராதம் கேட்கும் தகுதி நமக்கு உண்டு. வழி இல்லாதவரிடம் கேட்டால் அவர் இரவு பன்னிரண்டு மணிக்கு வந்து வைப்பார்.

முறை வைத்து எடுப்பது பணிவிடையா என்ற கேள்வி நியாயமானதுதான். அதை முடிவில்லாமல் செய்யச் சொன்னால் நானும் எதிர்ப்பேன். வண்டியின் நேரம் மாறும்வரை இடத்தைக் காத்துவைப்பது மட்டுமே அதன் வேலை.

பக்கத்துப் பூங்கா:

ஒரு சிறு கருத்து மட்டும். பைகள் குறைந்தாலும் சில்லறைக் குப்பை இருக்கத்தான் செய்யும். அமெரிக்காவில் 130 இடங்களில் மக்களைக் கவனித்து 2013-இல் வெளியான ஆய்வொன்றில், கையிலிருந்ததைக் கழித்த நிகழ்வுகளில் 17 விழுக்காடு தரையில் போட்டதாக இருந்தது. சிகரெட் துண்டுகளில் மட்டும் அது 65 விழுக்காடு. புகைக்கிறவர்களில் பலர் அதைக் குப்பை என்றே நினைப்பதில்லை. அந்த நுனிப்பகுதி பஞ்சு என்று எண்ணுகிறார்கள். உண்மையில் அது செல்லுலோஸ் அசிட்டேட் என்னும் ஒருவகை பிளாஸ்டிக். மழை பெய்தால் நேரே வடிகாலுக்குத்தான் போகும். தெருவில் நின்று புகைக்கும் இடம் எது என்று கண்டுபிடித்து, அங்கே மணல் நிரப்பிய கலம் ஒன்றை வைத்தாலே வேறுபாடு தெரியும்.

வேண்டுகோளின் குரலும் முக்கியம். டெக்சாஸ் மாநிலத்தில் 1986-இல் தொடங்கிய நெடுஞ்சாலைத் தூய்மைப் பிரசாரம், குப்பை வீசுகிறவர்களில் பெரும்பாலோர் இளம் ஆண்கள் என்று கண்டறிந்து, அவர்கள் பேசும் மிடுக்கான மொழியிலேயே அவர்களிடம் பேசியது. நான்கு ஆண்டுகளில் குப்பை 72 விழுக்காடு குறைந்ததாக அதை நடத்தியவர்கள் கணக்குத் தருகிறார்கள். ‘தயவுசெய்து தூய்மை பேணுக’ என்பது ஏற்கெனவே பேணுகிறவர்களின் காதில்தான் விழும்.

தெருக்கோடி வீடு:

மறுமொழி தந்த அனைவருக்கும் நன்றி. மூன்று வாரங்கள் கழித்து எழுதுகிறேன். பலகையை அன்றே எடுத்துவிட்டோம். ஒரு வாரம் எண்ணினோம். மொத்தம் 31 பைகள் வந்தன, அவற்றில் 22 காலை 7 மணிக்கு முன்பே வந்தவை. வண்டி எங்கள் தெருவுக்கு வருவது ஒன்பதரை மணிக்கு. எனக்கு வெட்கமாக இருந்தது என்றே சொல்ல வேண்டும், ஏனென்றால் ஏழு மாதங்களாக நான் மனத்துக்குள் குற்றஞ்சாட்டிக்கொண்டிருந்தது இரவில் அந்த வழியே போகும் வெளியாள்களை. வந்த பைகளில் ஏறக்குறைய எல்லாமே எங்கள் தெருவின் உள்ளிருந்துதான் வந்தன. இரண்டு முறை, பெருக்க வந்தவர்களில் ஒருவருடைய வீட்டிலிருந்தே வந்தது.

இந்தக் கணக்கை ஒரு தாளில் எழுதி அலுவலகத்தில் கொடுத்தோம். நேரத்தை மாற்ற இரண்டு மாதமாகும் என்றார்கள். அதுவரை, காலையில் புறப்படுகிறவர்கள் பையை வைத்துவிட்டுப் போக வீட்டில் எப்போதும் ஆள் இருக்கும் நான்கு வீட்டுக்காரர்கள் தங்கள் வாசலில் மூடியுள்ள வாளி வைக்க ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். ஆளுக்கு ஒரு காலை என்ற முறையும் நடக்கிறது. சென்ற வாரம் காலி மனையின் ஓரத்திலிருந்து நாங்கள் எடுத்தவை 9 பைகள்.

தீராமல் இருப்பது கட்டட இடிபாடு. ஒரே இரவில் ஒரு வண்டிச் செங்கல் துண்டுகளைக் கொட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள். அதை வாளியிலும் போட முடியாது, குப்பை வண்டியும் ஏற்றிக்கொள்ளவில்லை. பழைய மேற்பார்வையாளர் ஐயா, இதை யாரிடம் கொண்டுபோக வேண்டும்?

பழைய மேற்பார்வையாளர்:

குப்பை எடுக்கும் பிரிவிடம் கேட்டால் எங்கள் வேலை இல்லை என்றுதான் சொல்வார்கள். கட்டட அனுமதி வழங்கும் பிரிவிடம் போங்கள். சுற்றுவட்டாரத்தில் இடிக்கவோ கட்டவோ அண்மையில் அனுமதி பெற்றவை எவை என்று கேட்டுவாங்கினால், ஐந்தாறு முகவரிக்குள் அடங்கிவிடும். போவதற்கு முன், செங்கல் துண்டுகளின் நிறமும் ஒட்டியிருக்கும் சுண்ணாம்பின் வண்ணமும் தெரியுமாறு படம் எடுத்துவைத்துக்கொள்ளுங்கள். பாதி இடித்து நிற்கும் சுவரோடு அதை ஒப்பிட்டுக் காட்டினால் பேச்சு சீக்கிரம் முடியும்.