ஹேசில்டன் நார்த் மேடு: பங்காளிகள் கல்லறையா, ஊர்க் கல்லறையா?

கற்குவியல்:
இங்கிலாந்தின் குளோஸ்டர்ஷயரில், சுமார் கி.மு. 3700-ல், முதல் உழவர்கள் இறந்தவர்களை வைக்க எழுப்பிய நீளமான கல்மேடு இது. உழவு அதைக் கரைத்துக்கொண்டே வந்ததால் 1979–82-ல் முழுக்கத் தோண்டிவிட்டார்கள். 2021-ல் வந்த மரபணு முடிவின்படி, உள்ளே கிடைத்த எலும்புகளில் சோதித்த 35 பேரில் 27 பேர் ஒரே குடும்பம், ஐந்து தலைமுறை. ஒரு ஆண், அவருக்குப் பிள்ளை பெற்ற நான்கு பெண்கள், பிறகு மகன்கள் வழியே வம்சம். மகள்களில் சிறுவயதில் இறந்த இருவர் மட்டும் உண்டு, வளர்ந்தவள் ஒருத்திகூட இல்லை. கட்டிக்கொடுத்தவள் புகுந்த வீட்டுக் கல்லறைக்குப் போயிருப்பாள். அப்பட்டமான பங்காளிக் கல்லறை.

மண்வெட்டி:
அறையைப் பார்க்காமல் பேசுகிறீர்கள். வடக்கே ஒரு வாசல், தெற்கே ஒரு வாசல். உள்ளே இரண்டும் எல் வடிவ அறைகள், நடுவில் வழி கிடையாது. இரண்டு பெண்களின் வழிவந்தோர் வடக்கே, மற்ற இருவரின் வழியினர் தெற்கே. அப்பா ஒருவர்தான், எந்த வாசல் என்பதைத் தீர்மானித்தது தாய். போதாததற்கு, வேறு ஆணுக்குப் பிறந்த மகன்களும் உள்ளே இருக்கிறார்கள். 8 பேருக்கு ரத்த உறவே இல்லை.

கற்குவியல்:
அந்த 8 பேரில் மூவர் பெண்கள். மருமகளுக்கும் மாமனாருக்கும் என்ன ரத்த உறவு? பிள்ளை இல்லாவிட்டாலோ, பெற்றதெல்லாம் மகளாகி வேறிடம் போயிருந்தாலோ மரபணு அவளை ‘அந்நியர்’ என்றுதான் காட்டும். மீதி ஐவருக்கு என்னிடமும் பதில் இல்லை.

உலர்சுவர்:
கட்டுமானத்தையும் சேருங்கள். மேடு 50 மீட்டருக்கு மேல் நீளம். இரு பக்கமும் குழி வெட்டி எடுத்த சுண்ணாம்புக்கல்லை, சாந்தில்லாத தடுப்புச் சுவர்களுக்கு நடுவே பெட்டி பெட்டியாகக் கொட்டி நிரப்பியிருக்கிறார்கள். தடுப்பு இல்லாவிட்டால் சல்லி பக்கவாட்டில் தள்ளும். பல கூட்டம் ஆளுக்கொரு பெட்டியாக எடுத்து வேலை செய்யவும் வசதி. ஒரு குடும்பத்தால் ஆகிற காரியமா?

கற்குவியல்:
கல் சுமக்க வந்தவன் கல்லறையில் பங்கு கேட்பானா? தவிர, ‘ஊர்’ எது? உணவு எந்த மண்ணில் விளைந்தது என்று காட்டும் ஸ்ட்ரான்சியம் என்ற தனிமம் பல் எனாமலில் தங்கிவிடும்; அந்தக் கணக்குப்படி, பலர் சிறுவயதில் சாப்பிட்டது குறைந்தது 40 கி.மீ. தள்ளி விளைந்ததை.

மண்வெட்டி:
ஊரை விடுங்கள், வாசலுக்கு வருகிறேன். வடக்கு நடைவழியின் சுவர் சரிந்து உள்ளறை அடைபட்டுப்போனது. அதன்பின் வாசலிலேயே ஒரு ஆணைக் கிடத்தினார்கள், பக்கத்தில் சிக்கிமுக்கிக் கல்லும் அதைத் தட்டும் சுத்தியல் கல்லும். வடக்கு வகையறாவில் சிலர் தெற்கறையில் கிடப்பதற்கும் இந்த அடைப்புதான் காரணம் என்பேன்.

கற்குவியல்:
அப்படியானால் தெற்கு வகையறா இடம் கொடுத்திருக்கிறது. பங்காளி இல்லாமல் யார் கொடுப்பார்கள்?