பூட்டிய செல்பேசியில் இருக்கும் குரல் பதிவுகளை மீட்க வழி உண்டா?

கேள்வி (காவேரிப்பட்டணம்)

வணக்கம். பக்கவாதத்திற்குச் சிகிச்சை பெற்று வீடு திரும்பியிருக்கும் என் அப்பாவுக்குத் தம் செல்பேசியின் பேட்டர்ன் நினைவுக்கு வரவில்லை. வலது கையும் இன்னும் சரியாக இயங்கவில்லை. மறைந்த எங்கள் பாட்டி பாடிய நடவுப் பாட்டுகளை அவர் அதில்தான் பதிவு செய்து வைத்திருந்தார். நிலப் பத்திரங்களின் படங்களும் அதில்தான் உள்ளன. வேறெங்கும் நகல் இல்லை. ஆண்ட்ராய்டு 12 உள்ள கருவி. அணைக்காமல் சார்ஜில் வைத்திருக்கிறோம். கிருஷ்ணகிரியில் ஒரு கடையில், பிளாஷ் போட்டால், அதாவது கருவியின் மென்பொருளைப் புதிதாக ஏற்றினால், திறந்துவிடும் என்றார்கள். கோப்புகள் தங்குமா என்று கேட்டதற்குத் தெளிவான பதில் இல்லை. எப்படியாவது திறக்கும்படி அப்பாவே சைகை காட்டுகிறார். என்ன செய்யலாம்?

மறுமொழி (தருமபுரி, செல்பேசி பழுது நீக்குபவர்)

அம்மா, தயவுசெய்து பிளாஷ் போடக் கொடுத்துவிடாதீர்கள். கருவி திறக்கும் என்பது உண்மைதான். ஆனால் உள்ளே ஒன்றும் இருக்காது. பழைய ஆண்ட்ராய்டு கருவிகள் சிலவற்றில் பூட்டை மட்டும் நீக்கிக் கோப்புகளைக் காப்பாற்ற முடிந்தது. அந்த நாளைய பழக்கத்தில்தான் இன்றும் பலர் அப்படிச் சொல்கிறார்கள். 2019-இல் வந்த ஆண்ட்ராய்டு 10 முதல், புதிதாக விற்பனைக்கு வரும் கருவிகளில் கோப்புகளை மறையாக்கம் செய்வது, அதாவது சாவியின்றிப் படிக்க முடியாதபடி மாற்றி வைப்பது, கட்டாயம். அவற்றைத் திறக்கும் சாவி, நீங்கள் இடும் பேட்டர்னும் கருவிக்குள் இருக்கும் பாதுகாப்புச் சில்லும் சேர்ந்தால்தான் கிடைக்கும். பிளாஷ் போட்டு ரீசெட் செய்த கணத்தில் அந்தச் சாவி அழிந்துவிடும். அதன்பின் நினைவகத்தைக் கழற்றிப் படித்தாலும் பொருளற்ற எழுத்துக் குவியலே மிஞ்சும்.

கருவியை அணைக்காமல் வைத்திருப்பது மிக நல்லது. மறுதொடக்கம் ஆகிவிட்டால் கைரேகை உதவாது, பேட்டர்னையே கேட்கும். முதலில் அப்பாவின் விரல்களை ஒவ்வொன்றாக வைத்துப் பாருங்கள். நீண்ட நேரம் பேட்டர்ன் இடாமல் இருந்தாலும் கைரேகையை ஏற்காது என்பதால் அது பலிக்காமல் போகலாம்.

திரையைத் துடைத்துவிடாதீர்கள். டார்ச் வெளிச்சத்தைப் பக்கவாட்டிலிருந்து சாய்வாக அடித்தால், விரல் ஓடிய எண்ணெய்த் தடம் மெல்லிய கோடாகத் தெரியும். ஒன்பது புள்ளிகளில் மொத்தம் 3,89,112 பேட்டர்ன்கள் சாத்தியம். தவறு கூடக் கூடக் காத்திருப்பு நேரமும் கூடும் என்பதால் குருட்டாம்போக்கில் முயல்வதில் பயனில்லை. தடம் தெரிந்தால் ஒரு சில பேட்டர்ன்களே மிஞ்சும். அவற்றைத் தாளில் வரைந்து அப்பாவிடம் காட்டுங்கள். இடக்கை விரலால் மேசைமேல் இழுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். வாய்க்கு வராததைக் கை அறிந்திருப்பதை நான் பார்த்திருக்கிறேன்.

இவையெல்லாம் முடிந்த பிறகே, பக்கவாட்டுத் தட்டில் மெமரி கார்டு உள்ளதா என்று பாருங்கள். சாதாரண முறையில் போட்ட கார்டு என்றால் எந்தக் கணினியிலும் படிக்கலாம். உள் நினைவகமாக இணைத்திருந்தால் அந்தக் கருவியைத் தவிர வேறெதிலும் படிக்காது.

மறுமொழி (அரூர்)

பத்திரங்களை நினைத்துக் கலங்க வேண்டாம். பதிவான ஆவணம் என்றால், வில்லங்கச் சான்றில் ஆவண எண்ணைப் பார்த்துச் சார்பதிவாளர் அலுவலகத்தில் சான்றிட்ட நகல் பெறலாம். பட்டா, சிட்டா விவரங்கள் அரசின் இணையத்தளத்திலேயே கிடைக்கின்றன. படங்களைப் பொறுத்தவரை, அப்பாவின் கூகுள் கணக்கைக் கணினியில் திறந்து கூகுள் போட்டோஸில் தேடுங்கள். யாருக்கும் தெரியாமலே நகல் ஏறியிருக்கலாம். ஆனால் அங்கே படமும் காணொளியும்தான் சேமிக்கப்படும், குரல் பதிவுகள் சேமிக்கப்படுவதில்லை. பாட்டுகளை அவர் வாட்ஸ்அப்பில் உறவினர் எவருக்கேனும் அனுப்பியிருந்தால், அவர்களிடம் இன்னும் இருக்கலாம். அவருடைய சிம்மை வேறு கருவியில் போட்டு வாட்ஸ்அப்பைப் பதிவு செய்வதைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். செய்தால் ஏற்கெனவே கணினியில் இணைந்திருக்கும் வாட்ஸ்அப் துண்டிக்கப்படும்.

கேட்டவர்

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. கைரேகையை ஏற்கவில்லை, தடமும் தெளிவாக இல்லை. ஆனால் தட்டில் மெமரி கார்டு இருந்தது. அதைக் கணினியில் போட்டபோது பாட்டியின் பாட்டுகள் சில கிடைத்தன. சேலத்திலுள்ள அத்தையின் வாட்ஸ்அப்பில் இன்னொன்று இருந்தது. மற்றவை செல்பேசிக்குள்ளேயே இருக்க வேண்டும். கார்டில் அழிந்த கோப்புகளும் இருக்கக்கூடுமா?

மறுமொழி (தருமபுரி, செல்பேசி பழுது நீக்குபவர்)

இருக்கலாம். அந்தக் கார்டில் இனி எதையும் எழுத விடாதீர்கள். மீண்டும் செல்பேசியில் போடவும் வேண்டாம். கிடைத்த பாட்டுகளை இரண்டு இடங்களில் நகலெடுத்த பிறகு, ஃபோட்டோரெக் என்னும் இலவச மென்பொருளால் கார்டு முழுவதையும் தேடுங்கள். அது ஒலிக் கோப்புகளையும் மீட்கும். மீட்டவற்றைக் கணினியில் மட்டுமே சேமியுங்கள். செல்பேசியை ரீசெட் செய்யாமல் அப்படியே வைத்திருங்கள். அப்பாவின் கை தேறும்போது, காத்திருப்பு நேரம் முடிந்ததா என்று பார்த்து, ஒரு நாளைக்கு ஓரிரு முறை மட்டும் இழுத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.