பொதுக் காரணியை வெளியே எடுத்தால் ஓர் உறுப்பு காணாமல் போகிறது, எங்கே தப்பு?

முதலியார்பேட்டை அம்மா:
பையன் ஒன்பதாவது, புதுச்சேரி அரசுப் பள்ளி. நான் படித்தபோது இங்கே தமிழ்நாட்டுப் பாடத்திட்டம், இப்போது சி.பி.எஸ்.இ. ஆகிவிட்டது. கணக்கு எங்கே மாறப்போகிறது என்று சொல்லிக்கொடுக்க உட்கார்ந்தேன், இடிக்கிறது. போனில் தமிழில் தட்டுவதால் எக்ஸ், ஒய்க்குப் பதில் க, ப போட்டிருக்கிறேன்.

18க³ப² − 12க²ப³ + 6க²ப²

அவன் விடை: 6க²ப²(3க − 2ப). டெஸ்ட் பேப்பரில் சிவப்பு மையில் சுழித்திருக்கிறார்கள், காரணம் எழுதவில்லை. "கடைசி உறுப்பு முழுசா வெளியே வந்தாச்சு, உள்ளே என்ன மிச்சம்?" என்கிறான். எனக்கும் சரியாகத்தான் படுகிறது.

மஞ்சக்குப்பம் டியூஷன்:
மேடம், இங்கே நடப்பது கழித்தல் இல்லை, வகுத்தல். 6க²ப²-ஐ அதனாலேயே வகுத்தால் 1 வரும், 0 வராது. அந்த 1 உள்ளே நிற்க வேண்டும்: 6க²ப²(3க − 2ப + 1). கேள்வியில் மூன்று உறுப்பு இருந்தால் அடைப்புக்குறிக்குள்ளும் மூன்று இருக்கும். டியூஷனில் பாதிப் பேர் இதில்தான் வழுக்குகிறார்கள்.

சந்தேகம் இருந்தால் க = 1, ப = 1 போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். கேள்வி 12 தரும், தம்பியின் விடை 6 தரும்.

பாகூர்க்காரன்:
1 போட வேண்டாம் சார். 1-க்கு எந்த அடுக்கு போட்டாலும் 1தான், அடுக்கில் தப்பு இருந்தால் தெரியாது. க = 2, ப = 3 மாதிரி வேறு வேறு எண் போடுவது நல்லது. அப்போது கேள்வியும் சரியான விடையும் 216 தரும். தம்பி எழுதியது 0 ஆகிவிடுகிறது!

முதலியார்பேட்டை அம்மா:
புரிந்தது சார், ரொம்ப நன்றி. அதே பேப்பரில் இன்னொன்று. 24க³ − 36க². அவன் விடை 6க(4க² − 6க). நீங்கள் சொன்னபடி க = 2 போட்டேன், இரண்டும் 48. அப்புறம் ஏன் பாதி மார்க்?

மஞ்சக்குப்பம் டியூஷன்:
அவன் எழுதியது சமம்தான், ஆனால் முடியவில்லை. எண் போட்டுப் பார்ப்பது இதைப் பிடிக்காது. அடைப்புக்குறிக்குள் பாருங்கள்: 4க²-க்கும் 6க-வுக்கும் இன்னும் 2க பொதுவாக இருக்கிறது. அதையும் எடுத்தால் 12க²(2க − 3). முதலிலேயே எடுக்க வேண்டுமென்றால் 24, 36 இரண்டின் மீ.பொ.வ. (இரண்டையும் மீதியின்றி வகுக்கும் மிகப் பெரிய எண்) 12, அடுக்குகளில் சின்னது க². பெரிய அடுக்கை எடுக்கிற பிள்ளைகளும் உண்டு. க³-ஐ எடுத்தால் க² எப்படி வகுபடும்?

பாகூர்க்காரன்:
அக்கா, அடுத்து −4க² + 8க மாதிரி வந்தால் −4-ஐ எடுக்கும்போது உள்ளே குறி மாறும்: −4க(க − 2). அங்கே + போட்டுவிடுவான், பார்த்துக்கொள்ளுங்கள்.