பழைய டி-சட்டைகளை வெட்டிக் கையிலேயே போர்வை பின்ன முடியுமா?

செங்காங் மருமகள்:

என் மாமியாருக்கு 73 வயது. இரவு தொலைக்காட்சித் தொடர் தொடங்கினால் சோபாவை விட்டு நகர மாட்டார். என் கணவருக்கோ குளிர்சாதனம் 23 டிகிரியைத் தாண்டினால் வியர்த்துக் கொட்டும். அத்தை வாய் திறந்து ஒன்றும் சொல்வதில்லை. புடவைத் தலைப்பை இழுத்துத் தோளை மூடிக்கொள்வார். அதைப் பார்த்துக்கொண்டு என்னால்தான் நிம்மதியாக உட்கார முடியவில்லை.

போன மாதம் இங்கே சிங்கப்பூரில், ஆர்ச்சர்ட் சாலைக் கடை ஒன்றில் தடித்த பின்னல் போர்வை பார்த்தேன். ஒவ்வொரு கண்ணியும், அதாவது பின்னல் வளையமும், என் மூடிய கை அளவு. மெரினோ ஆட்டுக் கம்பளியாம், 260 வெள்ளி. தொட்டுப் பார்த்துவிட்டு வந்துவிட்டேன்.

ஊசியே இல்லாமல், கண்ணிகளை முன்னங்கையில் ஏற்றி இதைப் பின்னலாம் என்று காணொளிகளில் காட்டுகிறார்கள். கம்பளிக்குப் பதில் துணியைக் கீற்றாக வெட்டியும் பின்னுகிறார்கள். எங்கள் அலமாரியில் யாரும் போடாத டி-சட்டைகள் முப்பதுக்கு மேல் இருக்கின்றன: கணவர் ஓடிய ஓட்டங்கள், மகனின் பள்ளி முகாம்கள், தேசிய தினச் சிவப்பு. இவற்றை வெட்டலாமா? எத்தனை சட்டை பிடிக்கும்? எனக்குக் குரோஷா, அதாவது கொக்கி ஊசிப் பின்னல், ஓரளவு வரும். பின்னல் ஊசியைத் தொட்டதே இல்லை.

பாசிர் ரிஸ் பூனை:

ஓட்டத்துக்குக் கொடுக்கும் சட்டைகள் பெரும்பாலும் பாலியெஸ்டர். வழுக்கும், சுருளாது, கண்ணி நிற்காது. பருத்திச் சட்டையை மட்டும் எடுங்கள். அக்குளுக்குக் கீழே உள்ள பகுதிதான் உதவும். அச்சடித்த படம் இருந்தால் அந்த இடம் விறைத்துக்கொள்ளும். அதனால் முப்பதில் பத்துத் தேறினால் பெரிது.

தோ பாயோ தையல்காரி:

தங்கையே, கத்தரியை எடுக்கும் முன் என் கதையைக் கேட்டுவிடு.

நான் 22 சட்டைகளை வெட்டினேன். எல்லாம் நல்ல பருத்திப் பனியன் துணி. ஓர் அங்குல அகலத்தில் குறுக்காக வெட்டி இழுத்தால் கீற்று தானாகச் சுருண்டு கயிறாகிவிடும். பெரியவர் சட்டை ஒன்றில் 15 மீட்டருக்குக் குறையாது. மூன்று கயிறுகளைச் சேர்த்துப் பிடித்துப் பின்னினேன். முடித்து நிறுத்தால் இரண்டரைக் கிலோ. வீட்டுக்கு வந்தவர்களெல்லாம் தடவிப் பார்த்தார்கள். எனக்கும் கொஞ்சம் தலைக்கனம் வந்தது உண்மை.

ஒரு மாதம் கழித்துப் பேரன் அதன்மேல் மைலோவைக் கவிழ்த்தான். துவைத்தேன். தண்ணீர் குடித்த பருத்தியின் எடை தூக்கிப் பார்த்தவருக்குத்தான் தெரியும். நானும் கணவரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து, சமையலறைச் சன்னலுக்கு வெளியே மூங்கில் கழியில் ஓரத்தைக் கிளிப் போட்டு நீளவாக்கில் தொங்கவிட்டோம். அரை மணி நேரத்தில் கதவைத் தட்டினார் கீழ்வீட்டுச் சீனப் பாட்டி. ஒன்றும் பேசவில்லை, விரலைக் கீழே காட்டினார். ஒன்றரை மீட்டர் போர்வை இரண்டரை மீட்டராக நீண்டு, அவர் சன்னலை மறைத்துச் சொட்டிக்கொண்டிருந்தது. கழி வில்லாக வளைந்திருந்தது. முறிந்து யார் தலையிலாவது விழுந்திருந்தால்? அவசரமாக உள்ளே இழுத்து, அறையில் மின்விசிறியின் கீழே விரித்தோம். காய மூன்று நாள் ஆயிற்று. அதற்குள் பூஞ்சை வாடை. இப்போது அது வாசலில் மிதியடிகளாகக் கிடக்கிறது, நான்கு துண்டுகள்.

ஆகவே இந்த ஊரில் துணி மலிவா என்று பார்ப்பதற்கு முன் காயுமா என்று பார். ஃபிளீஸ் துணி எடு, கம்பளிபோல் பஞ்சுபஞ்சாக இருக்குமே, அது. அதுவும் பாலியெஸ்டர்தான், ஆனால் சொரசொரப்பு இருப்பதால் கண்ணி நழுவாது. வெட்டிய ஓரம் பிரியாது, எடை குறைவு, பிழிந்து போட்டால் சீக்கிரம் காய்ந்துவிடும். தேக்கா சந்தை மேல்தளத்தில் தேடாதே, அங்கே பஞ்சாபி சூட்டும் புடவையும்தான். அராப் ஸ்திரீட்டில் பட்டும் லேசும் பார்த்து மயங்கி வேறு எதையாவது வாங்கிவிடுவாய். சைனாடவுன் பீப்பல்ஸ் பார்க் பக்கத் துணிக்கடைகளில் கேட்டுப் பார். அதைவிட மலிவான வழி, அக்கம்பக்கக் கடைகளில் விற்கும் மெல்லிய ஃபிளீஸ் போர்வை. ஐந்து வாங்கினால் போதும். 'போர்வையை வெட்டிப் போர்வை பின்னப் போகிறாயா?' என்று என் கணவர் கேட்டார். ஆமாம் என்றேன்.

வெட்டும் முன் துணியை நீளத்தில் ஒருமுறை, அகலத்தில் ஒருமுறை இழுத்துப் பார். எந்தப் பக்கம் அதிகம் நீள்கிறதோ அந்தப் பக்கமாகவே கீற்று ஓட வேண்டும். 8 செண்டிமீட்டர் அகலம் வெட்டி இழுத்தால் கட்டைவிரல் தடிமனுக்குச் சுருளும். மாற்றி வெட்டினால் தட்டை நாடாவாகவே இருக்கும். இணைக்கத் தையல் வேண்டாம், முடிச்சும் வேண்டாம். இரண்டு நுனியிலும் சட்டைப் பொத்தான் துளை அளவுக்குக் கீறு. பழைய கீற்றின் துளை மேல் புதியதன் துளையை வைத்து, புதியதன் மறுநுனியை அடியிலிருந்து இரண்டு துளை வழியாகவும் மேலே எடுத்து இழு. பட்டாணி அளவுக்கு ஒரு திரட்சிதான் தெரியும், அது பின்னலுக்குள் மறைந்துவிடும்.

ஒரு மீட்டர் அகலத்துக்குச் சுமார் 20 கண்ணி. வளையல், கடிகாரம் எல்லாவற்றையும் கழற்றி வை. தாலிச் சங்கிலியை ரவிக்கைக்குள் போட்டுக்கொள். நான் கண்ணியோடு சேர்த்து இழுத்து அலறியிருக்கிறேன். வலக்கையில் ஏற்றிய கண்ணியை, கயிற்றை உள்ளங்கையில் பிடித்தபடி மூடிய விரல்களைத் தாண்டி உருவிவிட்டால் கையில் புதுக் கண்ணி நிற்கும். அதை இடக்கைக்கு மாற்று. வரிசை முடிந்ததும் திசை மாறும். அவ்வளவுதான் வித்தை. கண்ணி மணிக்கட்டைத் தொட்டுக்கொண்டு நிற்கும்படி ஒவ்வொரு தடவையும் இழுத்துவிடு. தளர விட்டால் போர்வையில் ஓட்டைதான் மிஞ்சும்.

உட்லண்ட்ஸ் தாத்தா:

தையல்கார அம்மா சொன்னதில் ஒன்று விட்டுப்போயிற்று. பாதி வரிசையில் குக்கர் விசில் அடிக்கும், கை இரண்டும் கண்ணிக்குள் இருக்கும். நான் பக்கத்திலேயே துணி உலர்த்தும் மூங்கில் கழி ஒன்றை வைத்துக்கொள்வேன். கண்ணிகளைக் கையிலிருந்து அப்படியே கழிக்கு மாற்றிவிட்டு எழுந்து போகலாம்.

எனக்குத் தோள்பட்டை இறுகிப்போனபின் கையில் ஏற்றுவதையே விட்டுவிட்டேன். தரையில் பாய் விரித்து, முதலில் வளையத்துக்குள் வளையமாக இழுத்து 20 கண்ணிச் சங்கிலி போட்டு, அதன் பின்பக்கம் புடைத்து நிற்கும் முண்டு ஒவ்வொன்றின் வழியாகவும் விரலால் ஒரு வளையம் இழுத்துக்கொண்டே போவேன். குரோஷா தெரிந்தவருக்கு இது பழகிய வேலை. எந்த நொடியில் விட்டாலும் பின்னல் அவிழாமல் பாயில் கிடக்கும்.

செங்காங் மருமகள்:

எல்லாருக்கும் நன்றி. ஒரு ஃபிளீஸ் போர்வை வாங்கி வந்து, வெட்டி, பத்துக் கண்ணியில் மாதிரி பின்னினேன். கையில் ஏற்றித்தான். அத்தை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே இருந்தார். ஐந்தாவது வரிசையில், 'மீன் பிடிக்கவா?' என்று கேட்டார். விரித்துப் பார்த்தால் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார். கண்ணிக்குள் என் கணவரின் கை நுழைகிறது.

அவிழ்த்துவிட்டுத் தாத்தா சொன்னபடி தரையில் உட்கார்ந்தேன். இப்போது அடர்த்தி நன்றாக வருகிறது. ஆனால் தொடக்க ஓரம் மட்டும் பாவாடைபோல் விரிகிறது. ஏன்?

தோ பாயோ தையல்காரி:

சங்கிலியைத் தளரப் போட்டிருக்கிறாய். அந்த ஒரு வரிசையை மட்டும் விரல் நோகும் அளவுக்கு இறுக்கிப் போடு. மூன்றாவது வரிசையில் தெரிந்தாலும் அவிழ்த்துவிடு, முப்பதாவதில் மனம் வராது. அத்தையிடம் கீற்றைக் கொடுத்துப் பந்தாகச் சுற்றச் சொல்.

செங்காங் மருமகள்:

நேற்றே கேட்டு வாங்கிக்கொண்டார். தொடர் முடிவதற்குள் மூன்று பந்து. மடியில் துணி இருந்ததால் தலைப்பை இழுக்கவில்லை.