சொகுசுக் கப்பலில் பல் டாக்டர் வேண்டுமா? – அனுபவப் பகிர்வு

கப்பல் நர்ஸ்:
மெடிக்கல் சென்டரில் ஈசிஜி, எக்ஸ்ரே, வென்டிலேட்டர் எல்லாம் உண்டு. பல் சிகிச்சை நாற்காலிதான் பெரும்பாலான கப்பல்களில் கிடையாது. பல்வலி என்று வந்தால் மாத்திரை கொடுப்போம், துறைமுக ஏஜென்ட் மூலம் கரையில் அப்பாயின்ட்மென்ட் போட்டுக் கொடுப்போம். நிறையப் பேர் ஆன்டிபயாடிக்தான் வேண்டும் என்று நிற்பார்கள். சொத்தை நரம்பைத் தொட்டு வரும் வலி அதற்குக் கேட்காது. கன்னம் வீங்கிக் காய்ச்சலும் அடித்தால்தான் அதற்கு வேலை. வலிக்கு ஐபுப்ரோஃபென் 400 மி.கி., பாராசிட்டமால் 500 மி.கி., இரண்டையும் சேர்த்துச் சாப்பாட்டுக்குப் பின் ஆறு மணி நேரத்துக்கு ஒரு தடவை. ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர், சிறுநீரகக் கோளாறோ வயிற்றுப்புண்ணோ உள்ளவர் ஐபுப்ரோஃபெனைத் தொடக்கூடாது. கப்பலில் வரும் வயதானவர்களில் இப்படிப்பட்டவர்கள் நிறையப் பேர் உண்டு.

பல் மருத்துவர்:
மேடம் சொன்னதோடு இதையும் சேர்க்கிறேன். கேப் (பல்லின் மேல் மாட்டிய செயற்கை உறை) கழன்று வந்தால் நாற்காலி இல்லாமலே சமாளிக்கலாம். முதலில் கேப்புக்குள் பாருங்கள். உள்ளே பல் துண்டு உடைந்து நிரம்பியிருந்தால் விட்டுவிடுங்கள், எதைத் தடவினாலும் நிற்காது. காலியாக இருந்தால் பிரஷ்ஷால் பழைய சிமென்ட்டைத் தேய்த்து எடுத்து, சிமென்ட் இல்லாமல் ஒருமுறை மாட்டிக் கடித்துப் பாருங்கள். எந்தப் பக்கம் முன்னால் வருகிறது என்று தெரிந்துகொள்ளாமல் ஒட்டுவதால்தான் கோணலாக உட்காருகிறது. பிறகு பல்லைப் பஞ்சால் ஒற்றி உலர்த்தி, தற்காலிக சிமென்ட்டை உள்சுவரில் மெல்லியதாகப் பூசி, அழுத்திக் கடியுங்கள். சிமென்ட் கிடைக்காவிட்டால் பல்செட் ஒட்டும் பசை போதும். ஃபெவிக்விக் மட்டும் வேண்டவே வேண்டாம். ஈறு வெந்துபோகும், ஒட்டிய கேப்பைப் பிறகு எங்களாலேயே சரியாக உட்கார வைக்க முடியாது. ஆடுகிற கேப்போடு தூங்காதீர்கள், மூச்சுக்குழாயில் போய்விடும்.

பல்லில் அடைத்திருந்தது கழன்று விழுந்த குழிக்குக் கிராம்பு எண்ணெயைப் பஞ்சில் தொட்டு குழிக்குள் மட்டும் வையுங்கள். ஈறில் பட்டால் எரியும். ஊர் திரும்பியதும் டாக்டரிடம் இதை மறக்காமல் சொல்லுங்கள்: அதிலுள்ள யூஜெனால் மிச்சம் இருந்தால் பல் நிற அடைப்பு சரியாக இறுகாது.

கப்பல் இன்ஜினியர்:
நாற்காலி போடுறதுல இடம்கூட பெரிய பிரச்சினை இல்லைங்க. மெடிக்கல் சென்டர் பெரும்பாலும் கீழ்த்தளத்துல, ஆட்டம் கம்மியான இடத்துலதான் இருக்கும். காற்றுதான் சிக்கல். கப்பல்ல ஓடுற 7 பார் காற்றுல எண்ணெயும் ஈரமும் இருக்கும், அதை ஏர்ரோட்டருக்கு, அதாவது காத்துல சுத்துற பல் துளைக்கிற கருவிக்குக் கொடுக்க முடியாது. எண்ணெய் இல்லாத தனி கம்ப்ரஸர் வேணும், சக்ஷன் தனி. நாற்காலிக்குள்ள ஓடுற மெல்லிசு தண்ணிக்குழாய்ல பாசி மாதிரி கிருமிப்படலம் பிடிக்கும். தினமும் காலைல ரெண்டு நிமிஷம் தண்ணிய ஓடவிடணும், ஒவ்வொரு பேஷன்ட்டுக்கும் நடுவுல 20–30 செகண்ட். ஒரு வாரம் சும்மா கிடந்த நாற்காலில யாரையும் உட்கார வைக்க நான் சம்மதிக்க மாட்டேன்.

கப்பல் ஊழியர் நலப் பிரிவு:
எல்லோரும் பயணியை மட்டுமே பார்க்கிறீர்கள். 2006 கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை மாலுமிகளுக்கு அத்தியாவசியப் பல் சிகிச்சையும் சேர்த்துத்தான் மருத்துவ உரிமை தருகிறது. நூறு பேரோ அதற்கு மேலோ ஏற்றி மூன்று நாளுக்கு மேல் வெளிநாட்டுப் பயணம் போகும் கப்பலில் டாக்டர் இருந்தாக வேண்டும் என்றும் சொல்கிறது. பல் டாக்டர் பற்றி அப்படிக் கட்டாயம் இல்லை. 2024இல் ஓடத் தொடங்கிய ஐகான் ஆஃப் தி சீஸில் ஊழியர்களே சுமார் 2,350 பேர், அதுவும் மாதக்கணக்கான ஒப்பந்தத்தில். அப்படிப்பட்ட கப்பலில் நாற்காலி சும்மா கிடக்காது சார்.

பயண முகவர்:
பெரிய கப்பலுக்குச் சரி. கரீபியன் ரூட்ல கிட்டத்தட்ட தினம் ஒரு துறைமுகம், அங்க எதுக்கு? சவுத்தாம்ப்டன்–நியூயார்க் மாதிரி ஏழு ராத்திரி அட்லான்டிக்கைக் கடக்கிறப்பதான் மாட்டிக்குவோம். இன்சூரன்ஸ்ல பல்லுக்குத் தனி உச்சவரம்பு இருக்கான்னு பாருங்க. பல பாலிசி திடீர் வலியைக் குறைக்கிறதுக்கு மட்டும்தான் பணம் தரும், புது கேப்புக்குத் தராது. பில்லுல எந்தப் பல்லுன்னு எழுதி வாங்குங்க. கப்பல் உங்களுக்காகக் காத்திருக்காது, அதனால இறங்கினதும் முதல் வேலை கிளினிக்.

பல் மருத்துவர்:
துறைமுகம் வரை பொறுக்கக்கூடாத ஒன்று உண்டு. தாடைக்கு அடியில் வீங்கி, நாக்கு மேலே தூக்கி, எச்சில் விழுங்க முடியாமல் போனால் மூச்சு அடைக்கப் போகிறது என்று அர்த்தம். படுக்காமல் நிமிர்ந்து உட்கார்ந்தபடியே, நடுராத்திரியானாலும் அறை போனிலிருந்து அவசர எண்ணைக் கூப்பிடுங்கள். ஹெலிகாப்டர் எட்டாத தூரத்துக்குக் கப்பல் போய்விட்டால் வழி குறைவு.