போர்ட் 80-ஐ மூடச் சொல்கிறது தணிக்கை. மூடினால் சான்றிதழ் புதுப்பிக்கவில்லை

பின்னலூரான்:
வணக்கம். திருப்பூரில் ஓர் ஆடை ஏற்றுமதி நிறுவனத்தின் கணினி வேலைகளைத் தனியாளாகப் பார்க்கிறேன். சர்வர் முதல் பிரிண்டர் வரை எல்லாம் என் தலையில்தான். வெளிநாட்டு வாடிக்கையாளர்கள் தங்கள் ஆர்டர் சாயத்துக்குப் போயிற்றா, பெட்டி கட்டியாயிற்றா என்று பார்த்துக்கொள்ள ஒரு தளம் நடத்துகிறோம். உபுண்டு, எஞ்சின்எக்ஸ் வலை சர்வர், தளத்தின் அடையாளத்தை உறுதிசெய்ய லெட்ஸ் என்கிரிப்ட் இலவசமாகத் தரும் சான்றிதழ். அதைப் புதுப்பிப்பது செர்ட்பாட் என்ற மென்பொருள், வெப்ரூட் முறையில்: தளத்தின் அடைவில் அது ஒரு சோதனைக் கோப்பு வைக்கும், லெட்ஸ் என்கிரிப்ட் போர்ட் 80 (மறையாக்கம் இல்லாத எச்டிடிபி வாசல்) வழியாக வந்து அதைப் படித்துச் சரிபார்க்கும்.

ஒரு வாடிக்கையாளர் ஏவிய பாதுகாப்புத் தணிக்கையில் "போர்ட் 80 திறந்திருக்கிறது, உடனே மூடவும்" என்று சிவப்பில் எழுதிவிட்டார்கள். நிர்வாகமும் கையெழுத்துப் போட்டது, மூடியாயிற்று. இன்று தற்செயலாகப் பார்த்தால் சான்றிதழுக்கு இன்னும் 11 நாட்கள்தான் ஆயுள்! செர்ட்பாட் லாக்கில் நாளுக்கு இரண்டு முறை ஒரே புலம்பல்: இணைப்பு நேரம் கடந்தது, ஃபயர்வால் காரணமாக இருக்கலாம். முன்பெல்லாம் எச்சரிக்கை அஞ்சல் வருமே, அதுவும் வரவில்லை. எச்எஸ்டிஎஸ் (இந்தத் தளத்துக்கு எச்டிடிபிஎஸ் வழியாக மட்டுமே வா என்று உலாவிக்குச் சொல்லும் தலைப்பு) ஓராண்டுக்குப் போட்டிருக்கிறோம். லெட்ஸ் என்கிரிப்ட்டின் ஐபி முகவரிகளுக்கு மட்டும் போர்ட் 80-ஐத் திறந்துவிட்டால் போதுமா?

இரவுக்காவல்:
அது நடக்காது. எந்த முகவரிகளிலிருந்து சோதிப்போம் என்று அவர்கள் வெளியிடுவதே இல்லை. ஒரே நேரத்தில் உலகின் பல இடங்களிலிருந்து வந்து பார்ப்பார்கள். இந்திய முகவரிகளுக்கு மட்டும் அனுமதி என்று வைத்தாலும் தோற்கும். எச்சரிக்கை அஞ்சலை 2025 ஜூன் 4-ஆம் தேதியோடு நிறுத்திவிட்டார்கள். தலைவலியே வேண்டாம் என்றால் காசு கொடுத்து ஓராண்டுச் சான்றிதழ் வாங்கிப் போட்டுவிடுங்கள்.

செவ்வந்தி:
ஓராண்டுச் சான்றிதழுக்கெல்லாம் காலம் முடிந்தது. 2026 மார்ச் 15 முதல் உச்ச ஆயுள் 200 நாட்கள், 2029 மார்ச் 15 முதல் 47 நாட்கள். யாரிடம் வாங்கினாலும் தானியங்கிப் புதுப்பிப்பு இல்லாமல் தப்பிக்க முடியாது.

தம்பி, போர்ட் 80-ஐத் திறங்கள். ஸ்கேனர் சிவப்பாகக் காட்டியதை அப்படியே வெட்டி அறிக்கையில் ஒட்டுகிற தணிக்கையை நானும் நிறையப் பார்த்துவிட்டேன். அதை மூடியதால் என்ன பாதுகாப்பு கூடியது என்று அவர்களைக் கேளுங்கள். எச்டிடிபிஎஸ் வாசலான 443-இல் காது கொடுத்துக்கொண்டிருப்பதும் அதே எஞ்சின்எக்ஸ்தான். ஒருவர் ஹோட்டல் வைஃபையில் உட்கார்ந்து வெறும் முகவரியைத் தட்டுகிறார். உலாவி 80-க்குப் போனால், இடையில் இருக்கிற திருடன் உங்கள் சர்வர் பெயரில் தானே பதில் சொல்லிவிடுவான். திருப்பூரில் உங்கள் ஃபயர்வால் மூடியிருக்கிறதா திறந்திருக்கிறதா என்பது அவனுக்கு ஒரு பொருட்டே இல்லை. அவனைத் தடுப்பது எச்எஸ்டிஎஸ். ஒரு முறை சரியாக வந்துபோன உலாவி, அடுத்த முறை 80-ஐ எட்டிப் பார்க்காமல் நேரே 443-க்குப் போகும்.

ஆனால் அதே எச்எஸ்டிஎஸ்தான் இப்போது உங்கள் கழுத்தில் கத்தி. சான்றிதழ் காலாவதியானால் "பரவாயில்லை, உள்ளே போ" என்ற பொத்தானையே உலாவி காட்டாது. வாடிக்கையாளர் நினைத்தாலும் உள்ளே வர முடியாது.

போர்ட் 80-க்கு என்று தனி சர்வர் பகுதி எழுதுங்கள். அதில் ஆக்மி சவால் கோப்பு (செர்ட்பாட் வைக்கும் அந்தச் சோதனைக் கோப்பு) இருக்கும் பாதை ஒன்று, மற்ற எல்லாவற்றுக்கும் 301 போட்டு எச்டிடிபிஎஸ்-க்குத் திருப்பிவிடுவது ஒன்று. வேறு ஒரு வரியும் வேண்டாம். உங்கள் செயலிக்கு அங்கிருந்து வழியே இருக்கக் கூடாது. பிறகு ட்ரை-ரன் (செர்ட்பாட்டின் ஒத்திகை) போட்டு மட்டும் சோதியுங்கள். அது சோதனைச் சர்வரோடு பேசும். உண்மையான சர்வரில் ஒரு பெயருக்கு மணிக்கு 5 தோல்விதான் பொறுப்பார்கள், பிறகு கதவைச் சாத்திவிடுவார்கள்.

தணிக்கைக்கு இப்படி எழுதுங்கள்: "போர்ட் 80-இல் உள்ளடக்கம் எதுவும் வழங்கப்படுவதில்லை. சான்றிதழ் சரிபார்ப்புக் கோப்பைத் தவிர அனைத்துக் கோரிக்கைகளும் எச்டிடிபிஎஸ்-க்குத் திருப்பப்படுகின்றன. எச்எஸ்டிஎஸ் ஓராண்டுக்கு நடப்பில் உள்ளது." கீழே சர்வரின் பதில் தலைப்புகளை ஒட்டிவிடுங்கள்.

கீழைக்காற்று:
டிஎன்எஸ் வழிச் சரிபார்ப்பை யாரும் சொல்லவில்லையே? டொமைனின் டிஎன்எஸ் பதிவுகளில் ஒரு டிஎக்ஸ்டி (உரை) பதிவு போட்டால் போதும், போர்ட் எதையும் திறக்க வேண்டாம்.

செவ்வந்தி:
நல்ல முறைதான். ஆனால் டொமைன் பதிவுகளை மாற்றும் சாவியை வலை சர்வரிலேயே வைக்க வேண்டி வரும். அந்தச் சாவி களவுபோனால் தளத்தோடு நிறுவனத்தின் அஞ்சலையும் திசை திருப்பிவிடலாம். சவால் பதிவை மட்டும் சிநேம் (வேறு பெயருக்குக் கைகாட்டும் பதிவு) போட்டு வேறு ஒரு சோனுக்கு (தனி டிஎன்எஸ் பகுதிக்கு) ஒதுக்கி, அந்த சோனுக்கு மட்டும் சாவி கொடுத்தால் நானும் ஒப்புக்கொள்வேன். 11 நாட்களை வைத்துக்கொண்டு தொடங்குகிற வேலை இல்லை அது.

பின்னலூரான்:
அக்கா, திறந்தாயிற்று. நேரம் கடந்த பிழை போய்விட்டது, இப்போது 404 (கோப்பு இல்லை என்ற பிழை) வருகிறது. சவால் பாதைக்கான பகுதியில் அலியாஸ் போட்டு வெப்ரூட் அடைவைக் காட்டியிருக்கிறேன். அடைவு சரியானதுதான், அனுமதிகளும் சரி.

செவ்வந்தி:
அலியாஸை எடுத்துவிட்டு ரூட் போடுங்கள். செர்ட்பாட் அந்த அடைவுக்குள் ஆக்மி பாதை முழுவதையும் உருவாக்கி, அதற்குள்ளேதான் கோப்பை வைக்கிறது. ரூட் என்றால் எஞ்சின்எக்ஸ் அதே பாதையை ஒட்டிக்கொண்டு தேடும். அலியாஸ் என்றால் பாதையை உதறிவிட்டு, கோப்பை அடைவின் வாசலிலேயே தேடிவிட்டு இல்லை என்று சொல்லும்.

இன்னொன்று. வெப்ரூட் முறையில் கோப்பு புதிதானாலும் எஞ்சின்எக்ஸ் நினைவில் பழைய சான்றிதழைத்தான் வைத்திருக்கும். செர்ட்பாட்டின் டிப்ளாய் ஹூக் அடைவில் (புதுப்பித்ததும் தானாக ஓட வேண்டிய ஸ்கிரிப்டுகள் இருக்கும் இடம்), எஞ்சின்எக்ஸை ரீலோடு செய்கிற இரண்டு வரி ஸ்கிரிப்ட் போட்டு, இயக்க அனுமதியும் கொடுங்கள். வட்டில் புதுச் சான்றிதழ் இருந்தும் தளம் காலாவதியாகிற கூத்து இதனால்தான் நடக்கிறது.

பின்னலூரான்:
ரூட் என்று மாற்றியதும் ட்ரை-ரன் தேறியது. உண்மையாகவே புதுப்பித்தும் விட்டேன். வெளியிலிருந்து ஓப்பன்எஸ்எஸ்எல் வைத்துப் பார்த்தால் புதிய தேதிதான் காட்டுகிறது. ஹூக்கும் போட்டாயிற்று. ஆயுள் 20 நாட்களுக்குக் கீழே போனால் எனக்கு அஞ்சல் வரும்படி, அலுவலகத்தில் இருக்கும் வேறொரு கணினியில் தினசரிச் சோதனை ஒன்று வைத்திருக்கிறேன். 30 நாட்கள் இருக்கும்போதே செர்ட்பாட் முயலத் தொடங்கிவிடும் என்பதால் அந்த அஞ்சல் வந்தால் ஏதோ கோளாறு என்று அர்த்தம். தணிக்கைக்காரர்களுக்கு உங்கள் பத்தியை அப்படியே அனுப்பியிருக்கிறேன், அக்கா. பதில் வந்ததும் எழுதுகிறேன்.

இரவுக்காவல்:
அந்தச் சோதனை வட்டில் உள்ள கோப்பைப் பார்க்கிறதா, தளத்தோடு இணைந்து பார்க்கிறதா? இணைந்து பார்க்கட்டும்.