குமிதே: தமிழில் என்ன சொல்லலாம்?

அன்புள்ள குழுவினர்க்கு,

நம் கராத்தே மாணவர் கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. இருவர் எதிரெதிரே நின்று செய்யும் பயிற்சியான குமிதேவைத் தமிழில் எப்படிப் போடுவது என்பதில்தான் முட்டிக்கொண்டு நிற்கிறோம்.

> ‘சண்டைப் பயிற்சி’ போதுமே. எல்லோருக்கும் புரியும்.

புரிகிறது ஐயா, ஆனால் தப்பாகப் புரிகிறது. ‘சண்டை போடலாம், வாங்க’ என்று ஒருமுறை வகுப்பில் சொன்னேன். ஒன்பது வயதுப் பையன் கண்ணை இறுக மூடிக்கொண்டு இரண்டு கையையும் வீசினான். எதிரில் நின்றவளுக்கு உதடு கிழிந்தது. ஐந்தடிக் குமிதேவில் நடப்பதே வேறு. ஒருவர் இன்ன இடம் என்று சொல்லிவிட்டு ஐந்து முறை முன்னேறிக் குத்துகிறார். மற்றவர் ஐந்து முறையும் பின்வாங்கித் தடுத்து, கடைசியில் மட்டும் திருப்பிக் குத்துகிறார். அந்தக் குத்தும் விரலளவு முன்னாலேயே நிற்க வேண்டும்.

> குமி என்றால் கோத்தல், தே என்றால் கை. ஆகவே ‘கைகோப்பு’.

நேர்ப்பொருள் கச்சிதம். (‘கோர்ப்பு’ என்று திருத்த வேண்டாம், கோ, கோத்து, கோப்பு என்பதே சரி.) ஆனால் கைகோத்தல் என்றதும் இருவர் சேர்ந்து நடப்பதல்லவா மனத்தில் வருகிறது? ‘கைகலப்பு’ இன்னும் நெருக்கம். அதுவோ அடிதடியோடு ஒட்டிப்போய்விட்டது.

என் முன்மொழிவு ‘பொருதல்’. ‘பொரு’வுக்குப் போரிடுதலும் பொருள், ஒத்தலும் பொருள், ‘பொருவில்’ என்றால் ஒப்பில்லாத. ஒத்த இருவர் எதிர்நிற்பதற்கு இதைவிட நல்ல வேர் உண்டா? புறநானூற்றில் ஆமூர் மல்லனை மற்போரில் வென்ற சோழன் கிள்ளிக்குப் ‘போரவை’ என்றே அடைமொழி. ஐந்தடிப் பொருதல், ஓரடிப் பொருதல், கட்டற்ற பொருதல் என்று வரிசையும் அமைகிறது. காலடி, கையடி இரண்டுக்கும் ‘அடி’ பொருந்துகிறது.

மறுமொழி:

‘போரவை’க்குப் ‘போர்வை’ என்றும் பாடம் உண்டு. அது ஊர்ப்பெயர் என்பாரும் உண்டு. அதன்மேல் கட்டடம் எழுப்பாதீர்கள். பிள்ளைகள் ‘பொருதல்’ என்பதைப் ‘பொருத்தல்’ என்றுதான் படிக்கும். 1936-இல் ஓக்கினாவா ஆசான்கள் கூடி, ‘சீனக் கை’ என்ற எழுத்தை விட்டு ‘வெறுங்கை’ என்ற எழுத்தை ஏற்றபோதும், கராத்தே என்ற ஒலியை மாற்றவில்லை. நாமும் கராத்தேவை வெறுங்கை என்று எழுதுவதில்லை. குமிதே குமிதேவாகவே இருக்கட்டும்.

மறுமொழி:

‘பொருதல்’ என்று முன்மொழிந்தவன் நான்தான், ஆனாலும் பெரும்பான்மையோர் குமிதே பக்கம் என்பதால் தலைப்பில் ‘குமிதே’ என்றும், அடைப்புக்குறிக்குள் ‘இணைப் பொருதல்’ என்றும் போட்டு அனுப்பிவிட்டேன். எனக்கு இது உடன்பாடில்லை. நாளை வகுப்பில் ‘பொருதலுக்கு நில்லுங்கள்’ என்றுதான் சொல்லப்போகிறேன்.